நாள்பட்ட நோயோடு வாழும் பெரியவர்களுக்கு மனநல சிகிச்சை: முதல்முறை துணை நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்து வீடு. ஃபிரிட்ஜ் கதவின் முட்டைத் தட்டில் மூன்று இன்சுலின் குப்பிகள். மூன்றிலும் மூடி கழற்றப்படவே இல்லை. அந்த அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி மூன்றும் உண்டு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டு வந்திருந்தார். “மாசாமாசம் வாங்கி அனுப்புறேன். போட்டுக்கவே மாட்டேங்குறாங்க. பிடிவாதம்” என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊசி எப்படிப் போடுவீர்கள், கொஞ்சம் காட்டுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கோடுகளைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினார். கை நடுங்கியது. ஊசி முனை குப்பியின் ரப்பரில் இறங்காமல் இரண்டு முறை விலகிப்போனது. முன்பெல்லாம் பேரன்தான் மருந்தை இழுத்துக் கொடுப்பானாம். ஜூன் மாதம் அவன் கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “ஆளாளுக்கு ஆயிரம் வேலை. நான் வேற எதுக்கும்மா பாரமா?”

முதியோரோடு பேசுவதே என் வேலை. புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்கிற மகன், மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், தன்னார்வலர் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: அறிவுரை சொல்வதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள், கேளுங்கள். நாள்பட்ட நோய் உள்ள பெரியவர் மருந்தை விட்டால், நடப்பதை விட்டால், சாப்பாட்டை விட்டால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அவரே வாய்திறந்து சொல்லும்படி செய்வதும், அவரே தேர்ந்தெடுத்த சின்ன அடி ஒன்றை எடுத்துவைக்கத் துணை நிற்பதும்தான் இங்கே சிகிச்சை.

தெரபி என்றால் எது?

சொல் குழப்பம் நிறைய உண்டு, முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம். மூட்டுக்கும் தசைக்கும் இயன்முறை மருத்துவர் செய்வது பிசியோதெரபி. பக்கவாதத்துக்குப் பிறகு சட்டை மாட்டவும் டம்ளர் பிடிக்கவும் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. வாய் குழறினால் தருவது ஸ்பீச் தெரபி, அதைத்தான் பேச்சுப் பயிற்சி என்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது நான்காவதைப் பற்றி: ஊரில் கவுன்சலிங் என்று சொல்லும் மனநல சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவர், வாரம் ஒருமுறை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம், ஒரு நோக்கத்தோடு உட்கார்ந்து பேசுவது. ஆறு முதல் பன்னிரண்டு சந்திப்புகள் வரை போகலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது இரண்டு பக்கமும் வேலை செய்யும். நோய் மனதைத் தளர்த்தும். மனம் தளர்ந்தவர் மாத்திரையைத் தள்ளிப்போடுவார், நடைப்பயிற்சியை விடுவார், அதனால் நோய் ஏறும். இந்தச் சுழலைப் பேச்சால் உடைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோவாவில், 60 வயதைத் தாண்டி மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகளோடு இருந்த 181 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2019இல் முடிவு வெளியானது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்தான் ‘பிரச்சினை தீர்க்கும் முறை’யில் பேசினார்கள். தூக்கத்துக்கும், சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்வதற்கும் கூடவே வழி காட்டினார்கள். ஓராண்டு முடிவில், அப்படித் துணை கிடைத்தவர்களில் முழு மனச்சோர்வுக்குள் விழுந்தவர்கள் கிடைக்காதவர்களைவிட மிகக் குறைவு. இன்னொன்று சென்னை உட்பட நான்கு நகரங்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் 404 பேரிடம் நடந்தது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒருவரே பின்தொடர்ந்து, மருத்துவர்களிடம் எடுத்துச்சொல்லி ஒருங்கிணைத்தபோது மனமும் உடலும் சேர்ந்தே தேறின.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கவுன்சலிங்குக்குப் போகும் முன் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை போக வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சோர்வு, மறதி, எதிலும் ஈடுபாடின்மை எல்லாமே மனதிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. தைராய்டு குறைந்தாலும் வரும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதனாலும் வரும். பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரையால் சோடியம் இறங்கினாலும் வரும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்தும் சூரணமும் உட்பட, ஒரு மஞ்சள் பையில் அள்ளிப்போட்டு மருத்துவர் மேஜையில் கொட்டுங்கள். சீட்டைக் காட்டுவதைவிட இது மேல். சீட்டில் இல்லாத தூக்க மாத்திரை ஒன்று அந்தப் பையிலிருந்து விழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி விழுந்தால் நீங்களாகப் பிடுங்கி நிறுத்திவிடாதீர்கள். நாள்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

காதும் கண்ணும் முக்கியம். காது கேட்காதவர் கூட்டத்தில் ஒதுங்கியிருப்பதை “முன்ன மாதிரி பேசறதில்ல” என்று நாம் தவறாகப் படித்துவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று நேரம், இடம் தெரியாமல் உளறினால் அது கவுன்சலிங்குக்கான விஷயம் இல்லை. சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் உடனே பாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மனச்சோர்வு எப்படிப் பேசும்

நம் பெரியவர்கள் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்ல மாட்டார்கள். “உடம்பெல்லாம் ஒரே அசதி”, “வாய்க்கு எதுவும் பிடிக்கல”, “நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு”, “ராத்திரி மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கம் இல்ல” என்பார்கள். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்தும் ஒன்றுமில்லை என்று வரும். வலி பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. மனம் தளர்ந்தவருக்கு உடல் வலி நிஜமாகவே கூடுதலாகத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால் கவனியுங்கள். முதியோருக்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஒரு மனச்சோர்வு அளவுகோல் உண்டு. ஆம், இல்லை என்று சொன்னால் போதும். மருத்துவரிடமோ கவுன்சலரிடமோ அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். பசி, தூக்கம் பற்றிய கேள்விகளை அதில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள், ஏனென்றால் அவை நோயாலும் வரும். நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. ஆறு மாதத்துக்கு முன் செய்துகொண்டிருந்து இப்போது செய்யாத ஐந்து விஷயங்களை எழுதுங்கள். கோலம், பேப்பர் படிப்பது, சீரியல், வெற்றிலை இடிப்பது, பேத்தியிடம் போனில் பேசுவது. அந்தப் பட்டியல் பின்னால் கவுன்சலருக்குத் தங்கம்.

மறதி அதிகமாக இருந்தால், காலையில் சாப்பிட்டதே நினைவில்லை என்கிற அளவுக்கு இருந்தால், முதலில் மறதி நோய்க்கான பரிசோதனை வேண்டும். அங்கே சிகிச்சையின் போக்கே வேறு. குடும்பத்தாருக்குப் பயிற்சி தருவதுதான் அதில் பெரும்பகுதி.

எப்படிப் பேச்சை எடுப்பது

“எனக்கென்ன பைத்தியமா?” இந்தக் கேள்வி நிச்சயம் வரும். அதற்குக் கோபப்பட வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு மனநல சிகிச்சை என்றால் கீழ்ப்பாக்கம் மட்டும்தான் நினைவுக்கு வரும். வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

எனக்குப் பலித்த வழி, நோயின் பக்கத்திலிருந்து தொடங்குவது. “அப்பா, சர்க்கரை ஏறி இறங்குறதுக்குக் கவலையும் தூக்கமும் ஒரு காரணமாம். அதைப் பத்திப் பேச ஒருத்தர் இருக்காங்க. ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம். பிடிக்கலேன்னா வேணாம்.” பொய் ஒன்றும் இதில் இல்லை. ஒரே ஒரு தடவை என்று சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். அவர் நம்பும் மருத்துவரே “போய்ப் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது, அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

“உனக்கு என்ன குறை, எல்லாம்தான் செய்யறோமே” என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்பில்தான் சொல்கிறோம். கேட்பவருக்கோ, இனிமேல் வாயைத் திறந்தால் நன்றி கெட்டவர் ஆகிவிடுவோம் என்று தோன்றும். பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

யாரிடம் போவது

அரசு வழியில் போவதென்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தெந்த ஊருக்கு எந்தக் கிழமை வருகிறது என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; தேவைப்பட்டவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தருகிறார்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். பெரியவர் சாப்பிடவில்லை, பேசவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்; செவிலியருக்குச் செய்தி போய்ச் சேர அது நல்ல வழி. சென்னையில் இருப்பவர்களுக்கு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024இல் திறந்த முதியோருக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மறதி நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணை செய்கிறது.

எங்கேயும் போக முடியாவிட்டால், போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசு சேவையான டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது; கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. பென்ஷன், சொத்துத் தகராறு, வீட்டில் அடி உதை என்று எதுவாக இருந்தாலும் அதில் வழி சொல்வார்கள்.

தனியாரிடம் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ள முதியவர்களோடு பேசிய அனுபவம் உண்டா? எங்கள் டாக்டரோடு தொடர்பில் இருப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்பேன். “மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடலாம்” என்று எந்தக் கவுன்சலராவது சொன்னால் யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரம் குறிக்கும்போது வெறும் வயிற்று நேரம் வேண்டாம். நீர் மாத்திரை போட்ட முதல் இரண்டு மணி நேரமும் வேண்டாம், கழிப்பறைக்குப் போகும் கவலையிலேயே பேச்சு ஓடாது. மாடி ஏறாத அறையாக, மின்விசிறி இரைச்சல் குறைவாக இருக்கட்டும். பையில் குளுக்கோஸ் அல்லது நாலு மிட்டாய், கண்ணாடி, காது மெஷின், தண்ணீர். முதல் பத்து நிமிடம் நீங்கள் கூட உட்காரலாம். பிறகு வெளியே வந்துவிடுங்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்று வரும் வழியில் கேட்காதீர்கள். அங்கே பேசியது ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தந்த உரிமை.

உள்ளே என்ன நடக்கும்

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதைத்தான் யாரும் விளக்குவதில்லை. அந்தத் தஞ்சாவூர் அம்மாவின் கதையையே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் சந்திப்பில் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து டீ, பிறகு திண்ணை, எட்டு மணிக்கு இட்லி, பிறகு படுக்கை, மதியம் சாதம், மறுபடி படுக்கை. கணவர் இறந்து இரண்டு வருடம். அதற்கு முன் வெள்ளிக்கிழமைதோறும் பூக்கட்டி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவாராம். முழங்கால் வலியில் கோயில் படி ஏற முடியவில்லை, அதனால் கோயில் நின்றது. கோயில் நின்றதால் பூவும் நின்றது.

மனம் சரியானால் செய்யலாம் என்று காத்திருப்போம். செய்யத் தொடங்கினால்தான் மனம் மெல்லச் சரியாகும் என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை. அதனால் கோயிலை விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை ஒரு முழம் பூ கட்டுவது, அவ்வளவுதான். யார் கொண்டுபோவது? பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளிக்கூடம் போகும் வழியில் கொடுப்பாள். இதை நான் சொல்லவில்லை, அவரே யோசித்துச் சொன்னார்.

மனநிலையைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்ணில் குறிக்கச் சொல்வது வழக்கம். “எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராதும்மா” என்றார். சரி, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று சொல்லுங்கள் என்றேன். அன்றிலிருந்து நாள்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு நாளும் நாலணா, எட்டணா, பன்னிரண்டணா என்று எழுதினார். முதல் வாரம் முழுக்க நாலணா. பூக்கட்டிய வெள்ளிக்கிழமை மட்டும் எட்டணா. அந்தத் தாளை அவர் முன்னால் விரித்துவைத்து, “இந்த நாள் மட்டும் ஏன் எட்டணா?” என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னிக்குக் கை சும்மா இல்ல” என்றார்.

மூன்றாவது சந்திப்பில்தான் ஊசி வந்தது. கை நடுக்கமும் கண் மங்கலும் ஒரு காரணம் என்று தெரியும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அவருடைய அக்காவுக்கு இன்சுலின் தொடங்கிய அடுத்த வருடமே காலை எடுத்தார்கள். “ஊசிக்கு வந்துட்டா கடைசிக் கட்டம்னு அர்த்தம்.” இந்த எண்ணத்தை மூடநம்பிக்கை என்று தள்ளியிருந்தால் நான் அவரை இழந்திருப்பேன். கண்ணால் பார்த்ததிலிருந்து வந்த எண்ணம் அது. அக்காவுக்குச் சர்க்கரை வந்து எத்தனை வருடம் கழித்து ஊசி போட்டார்கள், காலில் புண் எப்போது வந்தது என்று ஒன்றொன்றாகக் கேட்டேன். புண் வந்து ஆறாமல் போன பிறகுதான் ஊசியே தொடங்கியிருக்கிறார்கள் என்று அவர் வாயாலேயே வந்தது. “அப்போ ஊசி முன்னாடியே போட்டிருந்தா?” என்று அவரே கேட்டார். எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பிறகு பிரச்சினை தீர்க்கும் முறை. இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரச்சினையை ஒரே வரியில் சொல்ல வேண்டும்: கோடு தெரியாததால் மருந்தை அளந்து இழுக்க முடியவில்லை. அடுத்து, நல்லது கெட்டது பார்க்காமல் தோன்றும் வழிகளையெல்லாம் அடுக்க வேண்டும். பூதக்கண்ணாடி, பக்கத்து வீட்டு மருமகள், செவிலியர், பேனா ஊசி (பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசி), வீடியோ காலில் பேரன். ஒவ்வொன்றிலும் எது நடக்கும், எது நடக்காது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்து, யார் எப்போது என்ன செய்வது என்று எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரம் செய்து பார்த்துத் திரும்ப வந்து பேச வேண்டும். அவர் தேர்ந்தது பேனா ஊசியும் பேரனும். பேனாவில் எண் பெரிதாகத் தெரியும், ஒரு யூனிட்டுக்கு ஒரு ‘டிக்’ என்று சத்தமும் வரும். மருத்துவர் சம்மதித்து மாற்றி எழுதினார். இரவு ஏழரைக்கு வீடியோ காலில் பேரன் எண்ணைப் பார்த்துச் சரி சொல்வான்.

சிரிஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளதற்கு. கடையில் மாற்றிக் கொடுத்தால் அளவு இரண்டரை மடங்கு தவறும். குப்பியின் மேல் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வலி, மூச்சு, தூக்கம்

மூட்டுவலிக்காரரும் மூச்சு வாங்குபவரும் செய்யும் தவறு ஒன்றுதான். நன்றாக இருக்கும் நாளில் விட்ட வேலை எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். பிறகு, அசைந்தாலே வலி என்று பயம் வரும். பயத்தில் அசையாமல் இருந்தால் தசை இளைக்கும். தெரபியில் கற்றுத்தருவது, வலி வருவதற்கு முன்பே நிறுத்திப் பழகுவது. இருபது நிமிடம் நின்றால் வலிக்கும் என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், நன்றாக இருந்தாலும்கூட. வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு நுரையீரல் அடைப்பு நோய். டீக்கடை இருநூறு மீட்டர்தான். வழியில் மூச்சு வாங்கி நிற்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்று போவதையே விட்டுவிட்டார். வீட்டு வாசலில் ஒன்று, பிள்ளையார் கோயில் மேடையில் ஒன்று என்று இரண்டு ஸ்டாப்பிங் வைத்துக்கொண்டோம். அவர் வேலை பார்த்த மொழியில் சொன்னதால் உடனே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, விளக்கை அணைப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். இழுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஊத வேண்டும். ஆறாவது வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற போட்டோ வந்தது. நடை, உடற்பயிற்சி எதையும் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தூக்கத்துக்கு: எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். தூக்கம் வராவிட்டால் கட்டிலிலேயே புரளாமல் எழுந்து நாற்காலியில் உட்காரட்டும். வழியில் விளக்கு எரியட்டும், விழுந்துவிடக் கூடாது.

வீட்டில் உங்கள் வேலை

சிகிச்சை வாரத்துக்கு ஒருமுறைதான், மற்ற ஆறு நாளும் உங்களோடு. போலீஸ் வேலை பார்க்காதீர்கள். “மாத்திரை போட்டியா?” என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டால் எரிச்சல்தான் வரும். காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். நிரப்பும் கை அவருடையதாக இருக்கட்டும். பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கேட்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுச் சண்டையைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 75 வயதுக்காரர் ஒரு துண்டு ஜிலேபியை ஒளித்துவைத்துச் சாப்பிடும் நிலைக்கு வந்தால் தோற்றது அந்த வீடுதான். எது, எவ்வளவு, எப்போது என்று மருத்துவரைக் கேட்டு, அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். முதியவருக்குச் சர்க்கரை இலக்கையே மருத்துவர்கள் பல நேரம் தளர்த்தி வைப்பார்கள், தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவது அதைவிட ஆபத்து என்பதால்.

கூட இருக்கும் மருமகளையோ மகளையோ யாரும் கேட்பதில்லை. அவருக்கும் தூக்கம் கெட்டிருக்கும், இடுப்பு வலி இருக்கும். வாரத்தில் அரை நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கவுன்சலரிடமே அவருக்கும் ஒரு சந்திப்பு கேட்கலாம்.

தள்ளிப்போடக் கூடாத நேரம்

“சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவல” என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம். அதனாலேயே அதை விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா? எப்படின்னு ஏதாவது யோசிச்சீங்களா?” கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளையும் இன்சுலினையும் பூட்டிவைத்து வேளைக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். 14416ஐயோ, அரசின் சுகாதார உதவி எண்ணான 104ஐயோ கூப்பிடுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையையும் சாப்பாட்டையும் அடியோடு நிறுத்துவது, நகையைப் பிரித்துக் கொடுப்பது, திடீரென்று எல்லோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது, இவையும் அதே அவசரம்.

எப்போது பலன் தெரியும்

நான்கு வாரத்தில் தூக்கத்திலோ பேச்சிலோ சிறு அசைவு தெரிய வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை உடனே மாறாது. ரத்தச் சிவப்பணு 120 நாள்வரை வாழும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. அதனால் மூன்று மாதம் பொறுங்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புக்குப் பிறகும் அசைவே இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து எழுதினால், முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். வயதானவர்களுக்குச் சில மனச்சோர்வு மருந்துகள் சோடியத்தை இறக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுவையுங்கள்.

சந்திப்புகள் முடியும்போது ஒரேயடியாக நிறுத்தாமல், ஒரு மாதம் கழித்து ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். நினைவு நாள், தீபாவளி, பேரன் விடுதிக்குத் திரும்பும் நாள் போன்றவற்றுக்கு அடுத்த வாரத்தில் அந்தத் தேதி விழுந்தால் நல்லது.

தஞ்சாவூர் அம்மாவைக் கடைசியாகப் பார்த்த மாலை, நான் விடைபெறும்போது மணி ஏழு இருபத்தைந்து. பேனா ஊசியும் கண்ணாடியும் மேஜையில் தயாராக இருந்தன. அடுத்த தேதியை நாள்காட்டியில் அவரே வட்டமிட்டார். அன்று வெள்ளிக்கிழமையா என்று பார்த்தார், இல்லை. “நல்லதாப் போச்சு, வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கு” என்றார்.